லிட்டருக்கு எத்தனை கிராம் மயக்கம்?

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் பேசும்போது விலையோடு சேர்ந்து அடிபடும் சொல் 'லிட்டர் வெயிட்'. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகைக் கொட்டி, மேல்மட்டத்தை வழித்துவிட்டு, எடை போட வேண்டும். 550 கிராம் நின்றால் அது நல்ல மலபார் மிளகு. குறைந்தால் உள்ளே பொக்கு மிளகு கலந்திருக்கிறது என்று அர்த்தம். மூக்கும் கண்ணும் எத்தனை தலைமுறைப் பழக்கம் உள்ளவையாக இருந்தாலும், கடைசியில் வியாபாரம் முடிவது இந்த எண்ணில்தான்.

2024 ஏப்ரலில் இந்தத் தொழிலுக்கு இன்னொரு எண்ணும் தலைவலியாக வந்து சேர்ந்தது. இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயுவின் எச்சம் இருப்பதாக ஹாங்காங்கும் சிங்கப்பூரும் அறிவித்தன. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள் வாரியம், அந்த நாடுகளுக்குப் போகும் சரக்கை ஏற்றுமதிக்கு முன்பே சோதிக்க வேண்டும் என்றது. இந்த எச்சத்தைப் பாத்திரத்தில் அளக்க முடியாது; மோந்து பார்த்தும் சொல்ல முடியாது. அதற்கு கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவி வேண்டும்.

இதே கருவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆபரேஷன் தியேட்டரில் மூச்சு வழியாகக் கொடுக்கப்படும் மயக்க மருந்து ஒருவருடைய ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதும் இதுதான். மிளகுப் பொடியில் கணக்குத் தவறினால் சரக்குக் கப்பல் திரும்பி வரும். ரத்தத்தில் கணக்குத் தவறினால் ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள் முழுவதும் பதில் கிடைக்காமல் போகலாம். அல்லது தவறே செய்யாத ஒரு டாக்டர் கோர்ட் படி ஏறலாம்.

மயக்க மருந்தின் கதை 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் தொடங்கியது. வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை முகரக் கொடுக்க, நோயாளி வலியில்லாமல் ஆபரேஷன் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் ஈதர் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ஸன் குளோரோஃபார்மைக் கொண்டு வந்தார். ஈதரைவிட இனிய வாசனை, சீக்கிரம் மயக்கம், நெருப்புப் பிடிக்கும் பயம் இல்லை. உலகமே அதன் பின்னால் போயிற்று.

மூன்றே மாதத்தில் விலை தெரிந்தது. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் நியூகாஸில் அருகே ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் முகர்ந்தாள். சில நிமிடங்களில் இறந்து போனாள். துணியில் ஊற்றிய குளோரோஃபார்ம் கொஞ்சம்தான். அதில் எவ்வளவு அவளுடைய ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல அன்று யாராலும் முடியவில்லை.

அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஜான் ஸ்நோ. காலரா குடிநீர் வழியே பரவுகிறது என்று 1854-ல் லண்டனில் தெருக் குழாயைக் காட்டிச் சொன்ன அதே ஸ்நோ. 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவர்தான். காற்றில் எத்தனை சதவிகிதம் ஆவி இருக்கிறது, அதில் எவ்வளவு ரத்தத்தில் கரையும் என்று அவர் கணக்குப் போட்டார். இறந்தவரின் உறுப்பில் குளோரோஃபார்ம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் வழி வைத்திருந்தார். உறுப்பைக் குடுவையில் சூடாக்கி, எழும் ஆவியைச் செக்கச் சிவக்கக் காய்ந்த கண்ணாடிக் குழாய் வழியாகச் செலுத்துவார். குளோரோஃபார்ம் சிதைந்து, குழாயின் மறுமுனையில் பூசியிருக்கும் வெள்ளி நைட்ரேட்டில் வெண்மையாகப் படியும். இருக்கிறது என்று அது காட்டிவிடும். எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல அது போதாது.

இந்தச் சர்ச்சையின் பெரிய அத்தியாயம் ஒன்று நம் நாட்டில்தான் எழுதப்பட்டது. ஹைதராபாத்தில் ரெசிடென்ஸி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, குளோரோஃபார்ம் இதயத்தைத் தாக்குவதே இல்லை, மூச்சைத்தான் முதலில் நிறுத்துகிறது, மூச்சைக் கவனித்துக் கொண்டிருந்தால் யாரும் சாக மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். நிஜாம் மஹபூப் அலி கான் பணம் கொடுக்க, 1888-ல் ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன் அமைந்தது. லண்டன் 'லான்செட்' பத்திரிகை அதன் முடிவை நம்பவில்லை. நிஜாம் 1000 பவுன் கொடுத்தார். லான்செட்டின் பிரதிநிதியாக லாடர் பிரன்டன் 1889-ல் கப்பலேறி வந்தார். இரண்டாவது கமிஷன் நூற்றுக்கணக்கான நாய்களையும் குரங்குகளையும் பரிசோதித்தது. எதிர்க் கட்சிக்காரராக வந்த பிரன்டன் லாரியின் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

ஹைதராபாத் தந்த நல்ல பழக்கம் ஒன்று உண்டு: மயக்கம் கொடுப்பவர் கண்ணை எடுக்காமல் மூச்சைப் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளியில்தான் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்ஸி பெண்மணி பயிற்சி பெற்று, மயக்க மருத்துவத்தில் இறங்கிய உலகின் முதல் பெண்களில் ஒருவரானார். ஆனால் கமிஷனின் மூல முடிவு தவறு. 1911-ல் ஏ.ஜி. லெவி, குளோரோஃபார்ம் லேசாக மட்டும் ஏறியிருக்கும் நிலையிலும் அட்ரினலின் சுரந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும் என்று பூனைகளில் காட்டினார். பயந்து நடுங்கிக்கொண்டு மேஜையில் படுக்கும் நோயாளியின் உடம்பில் அட்ரினலினுக்குப் பஞ்சமில்லை.

ஹைதராபாத்தில் நிஜாமின் பணம் இருந்தது, திறமை இருந்தது, அக்கறையும் இருந்தது. விலங்கின் ரத்தத்தில் அந்த நொடியில் மருந்து எவ்வளவு என்ற எண் மட்டும் இல்லை. கூம்பிலும் துணியிலும் ஊற்றிய மருந்தைத்தான் கணக்கு வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் மோரிஸ் நிக்லூ, ரத்தத்திலிருந்து குளோரோஃபார்மைப் பிரித்து, அதிலுள்ள குளோரினை ரசாயன முறையில் அளந்து, அந்த எண்ணைக் கொண்டு வந்தார். அதே சமயத்தில் பிரிட்டனில் வெர்னன் ஹார்கோர்ட் செய்த முகர்வுக் கருவி, எவ்வளவு இழுத்தாலும் காற்றில் 2 சதவிகிதத்துக்கு மேல் குளோரோஃபார்ம் போகாதபடி தடுத்தது. ஊற்றுகிற காலம் முடிந்து, அளக்கிற காலம் தொடங்கியது இப்படித்தான்.

இன்றைய தியேட்டரில் குளோரோஃபார்ம் இல்லை. 1956-ல் ஹாலோத்தேன் நோயாளிகளுக்கு வந்தது. பிறகு ஐஸோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன், டெஸ்ஃப்ளூரேன். எல்லாமே ஆவியாகவோ வாயுவாகவோ நுரையீரலுக்குள் போய், ரத்தத்தில் கரைந்து, மூளைக்குப் போகின்றன. இங்கே சாமானியருக்குப் புரியாத ஒரு புதிர் உண்டு. ரத்தத்தில் அதிகமாகக் கரையும் மருந்துதான் சீக்கிரம் மயக்கும் என்று தோன்றும். உண்மை தலைகீழ். மூளைக்கு வேண்டியது மருந்தின் அழுத்தம். ரத்தம் மருந்தைத் தாராளமாகக் குடித்துக்கொண்டே இருந்தால் அழுத்தம் ஏறுவதற்கு நேரமாகும். காற்றில் ஒரு பங்கு என்றால் ரத்தத்தில் ஈதர் 12 பங்கு கரையும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஈதர் மயக்கம் ஏறவும் நேரமானது, இறங்கவும் நேரமானது. ஹாலோத்தேன் 2.4 பங்கு, ஐஸோஃப்ளூரேன் 1.4, செவோஃப்ளூரேன் 0.65, நைட்ரஸ் ஆக்ஸைடு 0.47. இந்த எண்கள் சிறுக்கச் சிறுக்க, நோயாளி தூங்குவதும் விழிப்பதும் சீக்கிரம் நடக்கிறது.

இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர வயதுக்காரர் ஒருவருக்கு கத்தி படும்போது உடம்பு அசையாமல் இருக்க, நுரையீரல் காற்றில் ஏறக்குறைய 2 சதவிகிதம் செவோஃப்ளூரேன் வேண்டும். அந்த நிலையில் ஒரு லிட்டர் ரத்தத்தில் கரைந்திருப்பது சுமார் 100 மில்லிகிராம், அதாவது கிராமில் பத்தில் ஒரு பங்கு. உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் ரத்தத்துக்கும் சேர்த்து அரை கிராம். ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நிற்கும் தராசில் இந்த அரை கிராம் முள்ளை அசைக்காது. ஆனால் ஒரு மனிதனை உணர்வில்லாமல் படுக்க வைக்க அது போதும்.

அப்படியானால் ஒவ்வொரு ஆபரேஷனிலும் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்களா? இல்லை, தேவையும் இல்லை. நுரையீரலின் கடைசி மூச்சுக் காற்றும் ரத்தமும் ஒன்றோடொன்று சமன் ஆகிவிடுகின்றன. ஆகவே வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதியை அகச்சிவப்புக் கதிர் மூலம் அளந்தால், ரத்தத்தின் நிலை மானிட்டர் திரையில் நொடிக்கு நொடி தெரியும். 1960-களில் எட்மண்ட் ஈகர் குழுவினர் மயக்க மருந்துகளின் வலிமையை மூச்சுக் காற்றின் சதவிகிதமாகவே வகுத்து வைத்தது இந்த வசதியால்தான். இந்த மானிட்டர் உள்ள தியேட்டரில் மயக்க டாக்டர் இருட்டில் நடப்பதில்லை. ஒரு நர்ஸிங் ஹோமிலிருந்து இன்னொன்றுக்கு ஸ்கூட்டரில் ஓடும் மயக்க டாக்டருக்கு, போய்ச் சேரும் இடத்தில் எல்லாம் அது இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அங்கே அவருடைய கண்ணும் அனுபவமும் நாடித் துடிப்புக் கருவியும்தான் துணை.

மூச்சு நின்றுபோன பிறகுதான் ரத்தத்திடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. சோதனை முறை கேட்பதற்கு எளியது. சிறிது ரத்தத்தைச் சிறு கண்ணாடிப் புட்டியில் விட்டு, காற்றுப் புகாமல் மூடி, குறிப்பிட்ட சூட்டில் வைக்கிறார்கள். மருந்தின் ஒரு பகுதி எழும்பி, புட்டியின் மேலே உள்ள வெற்றிடத்தில் நிறைகிறது. ஊசியால் அந்தக் காற்றை எடுத்து, நீண்ட மெல்லிய குழாய்ச் சுருளுக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே போன பொருட்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் மறுமுனைக்கு வருகின்றன. வந்த நேரம் பெயரைச் சொல்லும், காகிதத்தில் எழும் முகட்டின் பரப்பு அளவைச் சொல்லும். பெயரில் சந்தேகம் வராமலிருக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரையும் சேர்த்து வைப்பார்கள். சாக்கு மூட்டைக்கு மேலே எழும் வாசனையை வைத்து உள்ளே இருப்பது ஏலமா கிராம்பா என்று மட்டாஞ்சேரிக் கிடங்குக்காரர் சொல்லும் வித்தைதான். அவரால் மில்லிகிராம் சொல்ல முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்கல் கருவியில் இல்லை. புட்டி கருவிக்கு வந்து சேரும் வழியில்தான் இருக்கிறது. பூச்சி மருந்து குடித்து இறந்தவரின் ரத்தத்தில் அந்த விஷம் ஓரளவு காத்திருக்கும். மயக்க மருந்து காத்திருக்காது. பறந்து போவதுதான் அதன் பிறவிக் குணம். பாதி நிரம்பிய புட்டியில் மேலே உள்ள காற்றுக்குப் போகும். மூடியைத் திறக்கும்போது வெளியே போகும். சாதாரண ரப்பர் மூடியும் பிளாஸ்டிக்கும் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ரத்தத்தைக் கண்ணாடிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, டெஃப்ளான் பூசிய மூடி போட்டு, குளிர் பெட்டியில் வைத்து, தாமதமில்லாமல் அனுப்ப வேண்டும். எடுத்த நேரத்தையும், உடம்பில் எங்கிருந்து எடுத்தது என்பதையும் எழுத வேண்டும். தமனி ரத்தத்திலும் சிரை ரத்தத்திலும் எண் வேறு வேறாக இருக்கும்.

விஷ மரணங்களைச் சோதிக்க அரசு ஆய்வுக்கூடம் என்பது நமக்குப் புதிதல்ல. சென்னையில் கெமிக்கல் எக்ஸாமினர் ஆய்வுக்கூடம் 1849-லேயே ஏற்பட்டது. குளோரோஃபார்ம் வந்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கேரளத்தில் இன்றும் அதே பெயரில் துறை இருக்கிறது. எர்ணாகுளத்தில் அதன் மண்டலக் கூடம் செயல்படுகிறது. ஆனால் பிரேதப் பரிசோதனையில் எடுத்த பாகங்களை உப்புக் கரைசல் ஜாடியில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, போலீஸ்காரர் கையில் கொடுத்து, முறை வரும் வரை காத்திருக்க வைக்கும் நடைமுறை மற்ற விஷங்களை மனதில் வைத்து ஏற்பட்டது. ஆவியாகிற மருந்துக்கு அது பொருந்தாது. பல நாள் கழித்து 'எதுவும் காணப்படவில்லை' என்று அறிக்கை வந்தால், மருந்து இல்லை என்று அர்த்தமா, பறந்துவிட்டது என்று அர்த்தமா? இந்தக் கேள்விக்கு எந்த நீதிபதியும் விடை சொல்ல முடியாது.

எண் கிடைத்தாலும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆபரேஷன் மேஜையில் இறந்தவரின் ரத்தத்தில் செவோஃப்ளூரேன் இருந்தது என்பது குற்றச்சாட்டாக முடியாது. அதைக் கொடுத்துத்தானே ஆபரேஷன் செய்தார்கள்? லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் வழக்கமான அளவு. பல மடங்கு என்றால் கேள்வி எழும். குறைவாக இருந்தாலும் டாக்டர் தப்பினார் என்று ஆகாது, நோயாளி லேசான மயக்கத்தில்தான் இருந்தார் என்றும் ஆகாது. இரண்டு நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து இறந்தவரின் மருந்தை மூச்சே வெளியே கொண்டு போயிருக்கும். லெவியின் பூனைகள் சொன்ன பாடமும் இருக்கிறது: அளவு சரியாக இருக்கும்போதே இதயம் நிற்கலாம். மருந்து எண்ணை மயக்கக் குறிப்பேட்டின் பக்கத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். எத்தனை மணிக்கு எத்தனை சதவிகிதம், ஆக்ஸிஜன் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று நிமிடவாரியாக எழுதாத குறிப்பேடு, ரத்தம் எடுக்காததற்குச் சமம்.

தமிழகத்தில் நடந்த ஒரு சம்பவம் இதைக் கசப்பாக உணர்த்தியது. 2011-ல் கன்னியாகுமரி மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, ஆக்ஸிஜன் என்று நினைத்து நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்கப்பட்டது. நினைவு திரும்பாமலே படுக்கையில் கிடந்து 2012-ல் அவர் இறந்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பொதுவாக, இத்தகைய விபத்தில் மறுநாள் ரத்தத்தைச் சோதித்தால் என்ன தெரியும்? நைட்ரஸ் ஆக்ஸைடு நிமிடங்களில் வெளியேறிவிடும். மூளையைக் கெடுத்தது அங்கே இருந்த வாயு என்பதைவிட, அங்கே இல்லாமல் போன ஆக்ஸிஜன். அதைப் பிடிக்க வேண்டியது ரத்தம் ஆய்வுக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால், குழாய் முனையில். நைட்ரஸ் ஆக்ஸைடு சிலிண்டர் நீல நிறம், ஆக்ஸிஜன் சிலிண்டர் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாதபடி ஊசித் துளைகளும் மாறியிருக்கும். குழாய்த் தொடர் மாறினால் இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. நோயாளி இழுக்கும் காற்றில் ஆக்ஸிஜன் எத்தனை சதவிகிதம் என்று காட்டும் சிறு கருவி ஒன்றுதான் அப்போது காவல்.

சினிமாவில் வரும் கைக்குட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வில்லன் பின்னாலிருந்து மூக்கில் வைக்கிறான். கதாநாயகி இரண்டு நொடியில் சரிகிறாள். நிஜத்தில் குளோரோஃபார்ம் முகரும் ஆள் நிமிடக்கணக்கில் திமிறுவார், இருமுவார். 1850-களிலேயே ஜான் ஸ்நோ இப்படிப்பட்ட கொள்ளைக் கதைகளை மறுத்து எழுதியிருக்கிறார். ரயிலில் 'மயக்க மருந்து தெளித்துக் கொள்ளை' என்று செய்தி வரும்போது பெரும்பாலும் குற்றவாளி ஆவி அல்ல, பக்கத்து சீட்டுக்காரர் அன்போடு நீட்டிய பிஸ்கட்டிலும் டீயிலும் கலந்த தூக்க மாத்திரை. அதை ரத்தமும் சிறுநீரும் காட்டிக் கொடுக்கும், சீக்கிரம் எடுத்தால். பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து எல்லைத் தகராறு பேசிக்கொண்டே இரண்டு ஸ்டேஷன்கள் நாளைக் கடத்தினால், அந்தச் சாட்சியும் கரைந்து போகும்.

இந்த மருந்தை விரும்பாமலே முகர்கிறவர்களும் இருக்கிறார்கள். கழிவு வாயுவை வெளியே இழுக்கும் வசதி இல்லாத தியேட்டரில், வருஷக்கணக்காக நிற்கும் நர்ஸுகளும் உதவியாளர்களும் டாக்டர்களும்தான் அவர்கள். அமெரிக்காவில் 1977-லேயே, தியேட்டர் காற்றில் இந்த ஆவிகள் பத்து லட்சத்தில் 2 பங்கையும் நைட்ரஸ் ஆக்ஸைடு 25 பங்கையும் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நர்ஸின் ரத்தத்திலும் மூச்சிலும் எவ்வளவு இருக்கிறது என்று அதே கேஸ் குரோமட்டோகிராஃப் சொல்லும். அதற்கு யாராவது கேட்க வேண்டும்.

இவற்றில் கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் விஷயம் குறைவு. கண்ணாடிப் புட்டியும் டெஃப்ளான் மூடியும் ஐஸ் பெட்டியும் எந்த மாவட்ட மருத்துவமனைக்கும் எட்டாத பொருள் அல்ல. ஆபரேஷன் மேஜையில் மரணம் நிகழ்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, நேரம் எழுதி, குளிரில் வைத்து, மயக்கக் குறிப்பேட்டின் நகலோடு அனுப்புவது என்று ஒரு ஏற்பாடு இருந்தால் போதும். அது டாக்டருக்கு எதிரான ஏற்பாடு என்று நினைக்க வேண்டியதில்லை. கண்ணாடியை உடைக்கும் கூட்டம் வாசலில் நிற்கும்போது, லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அறிக்கைதான் அவருக்கும் கவசம்.

மட்டாஞ்சேரியில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் சந்தேகிப்பவர்கள்தான். ஆனால் லிட்டர் பாத்திரத்தை இருவரும் நம்புகிறார்கள். நிரப்புவது, வழிப்பது, நிறுப்பது எல்லாம் இருவர் கண் முன்னால் நடக்கிறது. அதனால் சண்டை சீக்கிரம் முடிகிறது. மிளகுக்கு இருக்கிற இந்த மரியாதை, மயக்கத்தில் படுத்து எழுந்திராமல் போனவரின் ஒரு புட்டி ரத்தத்துக்கும் கிடைக்க வேண்டும்.